பச்சை டை

பாடகரும் சினிமா நடிகருமான எமில் தொர்வாலுக்கு முப்பது வருடமாக உடை உடுத்திவிடுபவள் ஒதீல். அவர் மனைவி நீட்டிய டையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

“பச்சையா? வேண்டாம் மதாம். மேடையேறுறவங்களுக்குப் பச்சை ஆகாது. உயிரை வாங்கிடும்.”

“கல்யாண நாளுக்கு நான் ஆசையா வாங்கினது. ஒரு தடவையாவது கட்ட விட்டியா?”

இவர்கள் சண்டையில் எமில் எப்போதுமே வாய் திறப்பதில்லை.

“பாரிஸே வெளியில திரண்டு நிக்குது. இன்னைக்குப் போயி…”

“இன்னைக்காவது கட்டிக்கட்டும். இனிமே என்ன ஆகிடப் போகுது?”

ஒதீல் டையை வாங்கிக் கட்டி, முடிச்சை நேராக்கினாள்.

கறுப்பு உடையில் நால்வர் வந்து சவப்பெட்டியை மூடினார்கள். வாசலில் அதற்குள் ரசிகர்களின் கடைசிக் கைதட்டல் தொடங்கியிருந்தது.

“ஆட்டாமத் தூக்குங்கய்யா,” என்றாள் ஒதீல். “டை கோணிடும்.”