பத்து நிமிடக் குமிழிகள்

பனியன் கம்பெனி நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டு, கோகிலவாணியின் வயிற்றில் ஒலி பெல்ட்டைக் கட்டிவிட்டுப் போனாள். ரத்தத்தில் இறங்கிய நுண்குமிழிகளுக்குப் பத்தே நிமிட ஆயுள். அதற்குள் பெல்ட் அவற்றை அதிரவைத்து, ஈரலில் இருக்கும் புற்றுநோய்ச் செல்களை உடைத்தாக வேண்டும்.

பெல்ட் வந்த பிறகு அங்கே புற்றுநோய்க்கு லீவு கிடையாது. தைத்துக்கொண்டே குணமாகலாமாம்!

தையல் மெஷின் ஓடியதும் மேஜை அதிர்ந்தது. "அசையாதீர்கள்" என்று சொல்லிவிட்டு பெல்ட் நின்றுபோனது. இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

"சார், பத்து நிமிசம் சும்மா உக்காந்துக்கறனுங்க. ஊசி வீணாப் போகுதுங்க."

"உக்காந்துட்டு வைத்தியம் பாக்கோணும்னா ஊட்லயே இருந்துக்க. நாளைக்கு வேற ஆளு வருவா" என்றார் சூப்பர்வைசர் தனசேகர்.

கோகிலவாணி பெடலிலிருந்து காலை எடுத்தாள். பெல்ட் அப்போதும் ஓடவில்லை. வரிசை முழுக்க ஒரே நீள மேஜை, மற்ற மெஷின்களும் அதைக் குலுக்கின.

பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த ரெஜினா பெல்ட்டைப் பார்த்தாள். அவளும் காலை எடுத்தாள். அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று இருபது மெஷின்களும் அடங்கின. பெல்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"எவடி மெஷினை நிறுத்துனது?" என்று தனசேகர் தடதடவென்று ஓடிவந்தார்.

"நீங்களும் அசையாம நில்லுங்க சார்" என்றாள் கோகிலவாணி. "இன்னும் ஆறு நிமிசம் இருக்குது."