சத்தமே இல்லாத ஒரு வருடம்

குனாஃபா இனிப்புத் தட்டின்மேல் பிஸ்தாத் தூளால் 365 என்று எழுதியிருந்தார்கள். ஒரு வருடமாக ஒரு எச்சரிக்கைகூட வராததற்கு விருந்து. அம்மான் நகரில் மருந்துக் கிடங்கு நடத்தும் எந்தக் கம்பெனிக்கும் இப்படியொரு வருடம் வாய்த்ததில்லை என்று கணினிப் பிரிவின் தலைவர் அபு கைஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது, அவருக்கு அலுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்தா முந்திர் வந்து நிற்க வேண்டும்? சரியாக ஒரு வருடத்துக்கு முன் இதே அறையிலிருந்து வேலையை விட்டு விரட்டப்பட்டவன் அவன்.

"அடடே, அலாரம் மகாராஜா! வாங்க வாங்க!" என்றார் அபு கைஸ். சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

"அனுபவச் சான்றிதழ் வேணும் உஸ்தாத். தம்மாம்ல ஒரு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குள்ள அனுப்பலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்க. வீட்டுக்காரியோட வளையல்வரைக்கும் வித்தாச்சு."

"யாருப்பா இந்தப் பையன்?" என்று கேட்டார் முதலாளி ஹாஜி ரஷ்வான். எட்டு வருடம் தன்னிடம் உழைத்தவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"குளிர் அறைகளோட சூடு நிமிஷத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர்ல பதிவாகுதில்ல ஹாஜி? அதை விடாம படிச்சு, ஏதாவது தப்புன்னா சேதி அனுப்புற ப்ரோகிராமைப் போட்டவன் இவன்தான். போட்ட நாள்லேர்ந்து ஓயாத ரோதனை. கதவு சரியா மூடலை, காத்தாடி நின்னுடுச்சுன்னு தினம் ஏழெட்டுத் தடவை வந்து நிப்பான். சாப்பிட விடமாட்டான், தொழ விடமாட்டான். ஆளை அனுப்பினேன். அன்னியோட நின்னுது!"

"அப்புறம் அந்த ப்ரோகிராமை ஏதும் மாத்தினீங்களா?"

"யாரும் ஒரு விரல்கூட வைக்கலை ஹாஜி. வைக்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டிருக்கேன். கோளாறு மெஷின்ல இல்லைங்க, இவன்கிட்ட."

முந்திர் ஓரடி முன்னால் வந்தான். "உஸ்தாத், சான்றிதழ் இருக்கட்டும். அதுக்கு முன்னாடி உங்க மூணாவது அறை…"

"என் அறையை நான் பாத்துக்கறேன். உனக்குச் சான்றிதழ் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் உஸ்தாத்" என்று பின்வாங்கினான் முந்திர். வயிறு காய்கிறவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

அபு கைஸ் முதலாளியின் பக்கம் திரும்பினார். "வேலை போன மறுநாள்லேர்ந்து எனக்கு ஒரே போன் ஹாஜி. ஒரு வாரம் பொறுத்தேன், அப்புறம் இவன் எண்ணையே தடுத்து வெச்சுட்டேன். மூணு கடுதாசி போட்டான். பிரிக்காமலே கூடையில போட்டேன். ஒப்பாரி எனக்கு ஆகாது."

"நான் ஒப்பாரி வைக்கக் கூப்பிடலை, உஸ்தாத்."

"பின்னே, கல்யாணத்துக்கா கூப்பிட்டே?"

மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் உற்சாகத்திலேயே அபு கைஸ் உட்கார்ந்து தட்டச்சு செய்து, முத்திரையையும் ஓங்கிக் குத்தி நீட்டினார்.

முந்திர் அதை இரண்டு தடவை படித்தான். 'தேவையில்லாத எச்சரிக்கைகளால் நிர்வாகத்துக்குத் தொல்லை கொடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.' இந்தக் காகிதத்தைப் பார்த்தால் தம்மாமில் காவல்காரன் வேலைகூடக் கொடுக்கமாட்டார்கள்.

"இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க உஸ்தாத். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எழுதினது எழுதினதுதான்."

முந்திர் முதலாளியைப் பார்த்தான். ஹாஜி வாயில் இருந்த குனாஃபாவை நிதானமாக மென்று விழுங்கினார். "அபு கைஸ் எழுதினா சரியாத்தான்பா இருக்கும்" என்றார். தட்டில் 365இல் 5 மட்டும்தான் மிச்சம் இருந்தது.

முந்திர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். கதவுவரை போனவன் அங்கேயே நின்றான்.

"இன்னும் என்ன?" என்று அதட்டினார் அபு கைஸ்.

"ஒண்ணுமில்லை உஸ்தாத். மூணாவது அறையில உங்க தடுப்பூசியெல்லாம் சூடாகுதுன்னு விடியக்காலையிலேர்ந்து என் போனுக்கு நானூத்திப் பன்னிரண்டு எச்சரிக்கை வந்திருக்கு, எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?"