பின் சீட்

நாச்சிமுத்துவின் பழைய கார் அகலமானது; பின் சீட்டில் ஓர் ஆள் படுத்தே வரலாம். ஆனால் முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு அவர் மனைவி மரகதம் அதில் ஏறவே மறுத்துவிட்டாள். பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் பிணைந்திருந்ததால், ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் வண்டி மொத்தமும் தூக்கிப்போடும்.

மழைக்காலம் முழுக்க நாச்சிமுத்து வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். விபத்தில் நொறுங்கிய வேறொரு காரிலிருந்து, சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷனை வாங்கிவந்து, அறுத்து, வெல்டிங் வைத்துப் பொருத்திவிட்டார்.

"உன்ற தங்கச்சி ஊட்டுக்குப் போலாம், ஒருக்கா ஏறிப்பாரு."

"ஏறறனுங்க. ஆனா முதுகுல ஒரு இடி இடிச்சாலும் வண்டிய வித்துப்போடோணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார்.

குவாரி லாரிகள் உழுதுபோட்ட சாலைதான் ஒரே வழி. முதல் பள்ளத்தில் இடது சக்கரம் மட்டும் இறங்கி ஏறியது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி அவளுடைய "ஐயோ"வுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. அடுத்தது இன்னும் பெரிய பள்ளம். அப்போதும் சத்தமில்லை.

"எப்படி இருக்குது மரகதம்?"

பதில் இல்லை. வலியில் பேச்சு நின்றுபோனதோ என்று பதறிக் கண்ணாடியில் பார்த்தார். மரகதம் வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊர் வந்துவிட்டது. வாசலில் நின்ற தங்கை சிரித்தபடி கையசைத்தாள். நாச்சிமுத்து உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, வண்டியை நிறுத்தாமல் அவளைக் கடந்து மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார்.