மில்லின் மானம்

"வசந்தாமணி... வசந்தாமணி... வசந்தாமணி..."

வாசலில் நின்று அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார் நீதிமன்ற ஊழியர்.

குற்றவாளிக் கூண்டில் நின்றவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் செய்தது இவ்வளவுதான். மில்லில் ஒரு பெண் செத்துப்போனாள். ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றது நிர்வாகம். அதெல்லாம் பொய், காய்ச்சலோடு நைட் ஷிப்டில் நிறுத்தி வைத்தார்கள், மெஷின் பக்கத்திலேயே சரிந்தாள் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். சொன்னவளின் முகத்தை மறைத்து, குரலை மாற்றி, அதை இவள் தன் யூடியூப் சேனலில் போட்டாள்.

மில்லுக்கு மானம் போய்விட்டதாம். அவதூறு வழக்கு.

செத்தவளுக்குப் போனது வெறும் உயிர்தானே. அதற்கு வழக்கில்லை.

யார் சொன்னது என்று மில்லின் வக்கீல் நோட்டீஸ் கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வக்கீல் பரிமளம் அக்காவே கெஞ்சிப் பார்த்தார். அவரிடமும் சொல்லவில்லை.

இன்று மில் வேனில் பெண்களை ஏற்றி வந்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியாகச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். மில்லில் ஒரு குறையும் இல்லை என்றாள். இறங்கிப் போனாள்.

ஒவ்வொருத்தியையும் அவள் முறைத்துப் பார்த்தாள். செத்தவளோடு ஒரே அறையில் படுத்துக் கிடந்தவர்கள். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

வசந்தாமணி ஏறினாள்.

எதிர்க் கூண்டில் இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொண்டதே அதுதான். தகவல் தந்தவர் எதிரே வந்தால் பார்க்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டோ கோயிலோ, யாரோ எவரோ என்று தாண்டிப் போய்விட வேண்டும்.

"மில்லுல ஒரு கொறையுமில்லீங்க."

அதே குரல். மாற்றப்படாத குரல்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்லிட்டுப் பத்திரமாப் போயிரு புள்ள என்று மனசுக்குள் கெஞ்சினாள். தன் செருப்பின் அறுந்த வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடி வெளியே போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

மில் மேனேஜர் சபாபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து அவர் சாட்சிகள் பக்கம் திரும்பவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் தம் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். வக்கீல் எழுந்தார். மீதிச் சாட்சிகள் வேண்டியதில்லை. வழக்கையே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம், அனுமதிக்க வேண்டும் என்றார்.

பரிமளம் அக்கா அவள் தோளைத் தட்டினார்.

"பயந்துட்டானுங்க பாரு. ஜெயிச்சுட்ட கண்ணு."

கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வெளியே ஓடி வந்தாள்.

வேனில் பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி மட்டும் கீழே நின்றிருந்தாள். மேனேஜர் தம் காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"வேன்ல எடம் பத்தாதும்மா. நீ நம்ம கார்ல வந்துரு."

தன்மையாகத்தான் சொன்னார்.

வேனில் கடைசி சீட் முழுக்கக் காலியாகக் கிடந்தது.