இருபத்திரண்டு முட்டைகள்

கொள்ளிடக்கரை ஆமை ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னல் வழியே காலை வெயில் சாய்ந்து விழுகிறது. கால்நடை மருத்துவர் கேத்தரின், முட்டைகள் அடைவைத்திருக்கும் மூன்றாவது பெட்டியின் மூடியைத் தூக்குகிறார்; தூக்கிய கை அப்படியே நிற்கிறது. நேற்று மாலைவரை வெள்ளைவெளேரென்று இருந்த இருபத்திரண்டு முட்டைகளின் மேலும் சாம்பல்நிறப் பூஞ்சை பஞ்சுபோலப் படர்ந்திருக்கிறது. புளித்த வாடை எழுகிறது. இளம் ஆண் ஆமைகளோடு இணைசேர்ந்த பெண் ஆமைகளின் முட்டைகள் பக்கத்துப் பெட்டிகளில் பழுதில்லாமல் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மணல், ஒரே தண்ணீர், ஒரே சூடு. "இதெல்லாம் அந்தக் கிழட்டு ஆண் ஆமைக்கு உண்டான முட்டைங்க, கலீம் பாய். அப்பனுக்கு வயசாயிட்டா குஞ்சுக்கு நோயைத் தாங்குற சக்தி குறையுமோன்னு சந்தேகப்பட்டேன். ஒண்ணுகூட மிஞ்சாதுன்னு நினைக்கல." ஆமைகளைப் பராமரிக்கும் கலீம் பின்னால் நிற்கிறார். கேத்தரின் திரும்பிப் பார்க்கிறார். துபாயில் இருபத்தைந்து வருடம் உழைத்து, தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்து, ஐம்பத்து மூன்று வயதில் மணம் செய்துகொண்டவர் கலீம். மனைவி பஸீலாவுக்கு இது எட்டாம் மாதம். அவர் கையிலிருக்கும் குவளை சாய்ந்து, தண்ணீர் அவருடைய காலில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. "ஆமைக்கு மட்டும்தானே மேடம்?" கேத்தரினின் முகம் வெளிறுகிறது. "ஐயோ பாய், ஆமைக்கே இன்னும் உறுதியாத் தெரியலைங்க. இதை வச்சு மனுஷங்களைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது." கலீம் தலையாட்டுகிறார்; கண் மட்டும் பெட்டியை விட்டு வரவில்லை. சட்டைப் பையில் போன் அடிக்கிறது. வெகுநேரம் அடித்த பிறகே எடுக்கிறார். "ஒண்ணுமில்ல பஸீலா, குரல் நல்லாத்தான் இருக்கு. புள்ள அசையுதா? இல்ல, இப்பவே கையை வச்சுப் பார்த்துச் சொல்லு."