காணாமல் போன ஆறு சிப்பாய்கள்

"தலைவரே, புதுசா முடிச்ச ஆறு பேரை எங்களுக்குக் காட்டவே மாட்டீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"வெள்ளிக்கிழமை போட்டியில பார்த்துக்கலாம்" என்றார் தலைவர்.

"அதுவரைக்கும் யாருக்குப் பொறுமை?" சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்துவிட்டார் டாக்டர்.

உள்ளே ஒன்றுமில்லை.

ஆறு பேர் என்றால் ஆறு சிப்பாய்கள். நெப்போலியன் காலத்துப் படைவீரர்கள், பிளாஸ்டிக்கில், ஒரு அங்குல உயரம். தலைவர் வீட்டில் இப்படி நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பெயிண்ட் அடித்து அணிவகுத்து நிறுத்தியிருக்கிறார். பொம்மைப் பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர் தலைவராக இருக்கும் பொம்மைச் சிப்பாய் சேகரிப்பாளர் சங்கத்தில் போய் அப்படிச் சொன்னால் அடிதான் விழும்.

"எங்கே தலைவரே?"

தலைவரின் முகம் வெளுத்துவிட்டது.

அவர் மகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "தேட வேண்டாம்பா. கடிகார மாமா சட்டைப் பையில இருக்கு. கொஞ்சம் முன்னாடி எடுத்துப் போட்டதை என் கண்ணால பார்த்தேன்."

அறையில் இருந்த சங்கத்துக்காரர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

கடிகாரம் பழுது பார்க்கும் அந்த மாமா, தலைவருக்கு முப்பது வருட நண்பர். இருவரும் சேர்ந்துதான் சங்கத்தையே ஆரம்பித்தார்கள். அவர் கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

"எடுத்துக் காட்டுங்க மாமா."

"வேண்டாம்மா."

"அப்போ எடுத்தது நிஜம்தானா?"

"நிஜம்தான்."

"கேட்டிருந்தா அப்பா கொடுத்திருப்பாரே! எதுக்குத் திருடணும்?"

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆசைப்பட்டுட்டேன்" என்றார் கடிகாரக்காரர்.

"சே! உங்களைப் போய் பெரிய மனுஷன்னு நினைச்சேனே" என்றார் பல் டாக்டர். "இவரை இனிமே சங்கத்துல வெச்சிருக்கறதா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க தலைவரே."

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். கடிகாரக்காரரும் பார்த்தார்.

"பேரை அடிச்சுடுங்க" என்றார் தலைவர்.

பையைப் பொத்தியபடியே கடிகாரக்காரர் படியிறங்கிப் போனார். யாரும் வழியனுப்பவில்லை.

மத்தியானம் மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். அவரா இப்படி? நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டு, பொம்மைகளையும் வாங்கி வந்துவிடுவது என்று கிளம்பினாள்.

கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷோடு குனிந்திருந்தார் மாமா. எதிரே செய்தித்தாளில் ஆறு சிப்பாய்கள்.

மூன்று பேருக்கு நீலக் கோட்டு. மூன்று பேருக்குப் பச்சைக் கோட்டு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது? ஆறு பேருமே பிரெஞ்சுச் சிப்பாய்கள். பிரெஞ்சுக் காலாட்படைக்கு நீலம். பச்சை, எதிரி ரஷ்யாக்காரனுக்கு.

"யாரு மாமா இப்படி அடிச்சது?"

"வேற யாரு, உங்கப்பாதான். கண்ணுல புரை விழுந்திருக்கு போல. நீலமும் பச்சையும் வித்தியாசம் தெரியலை. எட்டு மாசமா இதான் நடக்குது. நான் எடுத்துட்டு வந்து, சரி பண்ணி, ஓசைப்படாம திரும்ப வெச்சுடுவேன். இன்னிக்கு உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! அத்தனை பேர் முன்னாடி திருடன்னு..."

"என்னன்னு சொல்றது? போன வருஷம் ஒருத்தர் பொத்தானுக்கு நிறம் மாத்தி அடிச்சுட்டார்னு உங்கப்பா மேடையிலேயே கிழிகிழின்னு கிழிச்சான். அந்த மனுஷன் அப்புறம் சங்கத்துப் பக்கமே தலை காட்டலை. அப்படிப்பட்டவன் அடிச்ச பச்சையை, சங்கத்துக்காரங்க முன்னாடி எடுத்துக் காட்டச் சொல்றியா?"

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே பிரஷ்ஷை உடைச்சுப் போட்டுடுவான். உங்கம்மாவும் போனப்புறம் அவனுக்குன்னு வேற என்னம்மா இருக்கு?"

அவள் உடைந்து அழுதுவிட்டாள். "நான்தானே மாமா உங்களைக் காட்டிக் கொடுத்தேன்..."

"நீ பார்த்ததைச் சொன்னே. அதுல தப்பில்லை." அவர் பிரஷ்ஷைத் துடைத்தார். "எனக்கு வலிக்கலைன்னு சொன்னா பொய். 'பேரை அடிச்சுடுங்க'ன்னு அவன் வாயாலயே சொன்னான் பாரு, அதுதான் தாங்கலை. பரவாயில்லை, விடு. அவன்கிட்ட இதைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினாள்.

வீட்டில் தலைவர் ஜன்னலோரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார்.

"அவன் கடைக்குத்தானே போனே?"

"ஆமாம்பா. திருப்பித் தர மாட்டேன்னுட்டார். திருட்டு புத்திப்பா அவருக்கு."

அதைச் சொன்னபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. என்ன செய்வது, சத்தியம் பண்ணியாயிற்று.

தலைவர் எழுந்து போய், வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீலம் காய ஒரு நாள் ஆகும்மா. நாளைக்குப் போய் ஆறு பேரையும் வாங்கிட்டு வந்துடு" என்றார் மெதுவாக. "சங்கத்து ஆளுங்க கண்ணுல மட்டும் படாம."