ஓடக்காரியின் மகன்

அந்த வீடியோ கேமின் முதல் பாகத்தில், ஓடக்காரியின் மகனை இடிந்த சுரங்கத்திலிருந்து தோளில் தூக்கி வந்தவள் நான்தான். அதற்காகப் போரையே கிடப்பில் போட்டேன். “மெயின் கதைய விட்டுட்டு யாராவது இதச் செய்வாங்களாக்கா?” என்று தம்பி முகில் அப்போதே நக்கலடித்தான். இரண்டாம் பாகம் என் பழைய ஆட்டத்தை ஏற்றிக்கொண்டது. யாருக்கு முடிசூட்டினேன், எவனைக் கொன்றேன் என்பதெல்லாம் பிசகாமல் வந்திருந்தது. நேராகப் படகுத்துறைக்குப் போனேன்.

“சுரங்கத்துல எம்புள்ள செத்துட்டான். காப்பாத்த ஒருத்தரும் வரல” என்றாள் ஓடக்காரி.

“அடிப்பாவி, நான் வந்தேனே!” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

“அது கிளைக்கதைக்கா. அடுத்த பாகத்துக்கு வராது” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முகில்.

“பொழைச்சவன் எப்படிடா வராமப் போவான்? நான் வெட்டுனவன் கணக்கு மட்டும் சரியா வருதா?”

“எங்கிட்ட ஏன் எகிர்ற? நானா எழுதினேன்?”

நான் சொல்வதற்கென்று திரையில் இரண்டே பதில்கள் இருந்தன: ‘வருந்துகிறேன்’, ‘அக்கரைக்குப் போக வேண்டும்’.

“ஏதாவது ஒண்ண அமுக்குக்கா. அக்கரைல கோட்டை எரியுது.”

“எரியட்டும்.”

கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு ஓடக்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.